சித்திரை வெயிலில் கார் ஃப்ரிட்ஜ் குளிருமா?

கோடை விடுமுறை நெருங்கினால் போதும், காரில் வைத்துக்கொள்ளும் மின்சாரக் குளிர்பெட்டிகளின் விளம்பரங்கள் கைபேசியை நிறைக்கத் தொடங்கிவிடும். சில ஆயிரம் ரூபாய்தான், சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினால் தண்ணீர், மோர், பழம், குழந்தைக்குப் பால் எல்லாம் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை சில்லென்று இருக்கும் என்கிறார்கள். வாங்கலாமா? பெரும்பாலான குடும்பங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதில் ஒரு பங்கைக் கொடுத்து நல்ல ஐஸ்பெட்டி ஒன்றை வாங்கினால் போதும்.

விலை குறைந்த பெட்டிகள் எல்லாமே அநேகமாக பெல்டியர் வகை. 1834-இல் பிரெஞ்சு அறிவியலாளர் பெல்டியர் கண்டறிந்தது இது: இரண்டு வெவ்வேறு கடத்திகள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால், அது பாயும் திசையைப் பொறுத்து அந்த இடம் குளிரும் அல்லது சூடாகும். இன்றைய பெட்டிகளில் தீப்பெட்டி அளவுள்ள ஒரு தகடு அந்த வேலையைச் செய்கிறது. அதன் ஒரு முகம் பெட்டிக்குள் இருக்கும் சூட்டை வாங்கும். மறுமுகம் அந்தச் சூட்டையும், தான் தின்ற மின்சாரத்தையும் சேர்த்து வெளியே தள்ளும். கம்ப்ரசர் இல்லை, வாயு இல்லை, ஒரு சின்ன மின்விசிறிதான் சுற்றும். எடை குறைவாகவும் விலை மலிவாகவும் இருப்பது அதனால்தான். சுவிட்சைத் திருப்பினால் இதே பெட்டி சோற்றைச் சூடாகவும் வைக்கும்.

குறை எங்கே என்றால், இந்தத் தகட்டால் வெளி வெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரி வரைதான் இறக்க முடியும். அட்டைப்பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் அதைப் போட்டிருப்பார்கள், தேடிப் படியுங்கள். 25 டிகிரியையே கோடை என்று கொள்ளும் ஐரோப்பிய ஊர்களில் உள்ளே 5, 7 டிகிரி கிடைக்கும், அங்கே அது உருப்படியான பொருள். அக்னி நட்சத்திரத்தில் வேலூரிலோ திருச்சியிலோ வெளியே 40 அடிக்கும்போது உள்ளே 20-க்குக் கீழே போகாது. ஏசி காற்று எட்டாத டிக்கியில் வைத்தால் அதுவும் கிடைக்காது. பின் இருக்கையில், ஏசி நன்றாக வீசும் இடத்தில் வைத்தால் ஓரளவு குளிரும் என்பது உண்மை. ஆனால் விழுப்புரத்தில் சாப்பிட நிறுத்தி சாவியை எடுத்ததும் பல கார்களில் சாக்கெட்டுக்கு மின்சாரம் நின்றுவிடும். வெயிலில் நிற்கும் கார் அடுப்பாகிவிடும். குளிரை உள்ளே கொண்டுவந்த அதே தகடு வழியாக இப்போது சூடு உள்ளே இறங்கும்.

சாவியை எடுத்தாலும் சாக்கெட் உயிரோடிருக்கும் கார் என்றால் வேறு தொல்லை. இந்தப் பெட்டிகள் நிற்காமல் 4 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். சின்ன கார்களின் பேட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணிதான். ஐந்து மணி நேரம் நிறுத்திவைத்தால் பாதிக்கு மேல் காலி, அப்புறம் வண்டி கிளம்பினால் அதிர்ஷ்டம்.

இப்போது ஐஸைப் பார்ப்போம். ஆறு லிட்டர் தண்ணீரை 35 டிகிரியிலிருந்து 15-க்கு இறக்க ஏறத்தாழ 500 கிலோஜூல் சூட்டை வெளியேற்ற வேண்டும். 48 வாட் தின்னும் பெல்டியர் பெட்டி நொடிக்கு 20 ஜூல் சூட்டை வெளியேற்றுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஏழு மணி நேரம் ஆகும், அதாவது ஏறக்குறைய மதுரை வரும்வரை. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் சூட்டை உறிஞ்சும். ஒன்றரை கிலோ ஐஸ் அதே வேலையை முடித்துவிடும், வயரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். முந்தின இரவு வீட்டு ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி உறைய வையுங்கள் (உறைந்தால் நீர் விரியும், அதனால் முழுக்க நிரப்பக் கூடாது). கொண்டுபோகும் பொருட்களையும் ஃப்ரிட்ஜில் குளிரவைத்து எடுத்து, சுவர் தடித்த பெட்டியில் அடுக்கி, அடிக்கடி திறக்காமல் இருந்தால் ஒரு நாள் தாங்கும். உருகிய தண்ணீரைக் குடிக்கவும் செய்யலாம். ராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் மீனை வெளியூர் அனுப்புகிறவர்கள் தெர்மோகோல் பெட்டியில் ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு உடைத்த ஐஸ் என்றுதான் கட்டுகிறார்கள். ஐஸ் இருக்கும்வரை உள்ளே பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். எந்த பெல்டியர் பெட்டியும் நம் வெயிலில் அந்தக் குளிரைத் தராது.

எனக்குக் கவலை தருவது வெதுவெதுப்பான தண்ணீர் அல்ல. விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, ஆகவே உள்ளே இருப்பது கெடாது என்ற நம்பிக்கைதான். பாலும் சமைத்த இறைச்சியும் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டியவை. அதற்கு மேலே கிருமிகள் பெருகத் தொடங்கும், 20 டிகிரியில் நன்றாகவே பெருகும். கைக்குழந்தையின் பாலை இந்தப் பெட்டியை நம்பிக் கொண்டுபோகாதீர்கள்.

இன்சுலினுக்கும் இதே எச்சரிக்கை, அதுவும் இரண்டு பக்கமாக. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். மலிவான பெட்டிகள் பலவற்றில் தெர்மோஸ்டாட் கிடையாது. சமவெளியில் குளிராத அதே பெட்டி, குளிர்காலத்து ஊட்டியில் இரவெல்லாம் ஓடினால் மருந்தை உறையவைக்கவும் கூடும். தடுப்பூசி கொண்டுவரும் கிராம சுகாதாரச் செவிலியர்கள் இதை நன்றாக அறிவார்கள். அவர்கள் தோளில் மாட்டிவரும் பெட்டியில் நான்கு ஐஸ் பேக்குகள் இருக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் அவற்றை உள்ளே வைப்பதில்லை, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்கும்வரை வெளியே வைத்திருப்பார்கள். இன்சுலினுக்கும் அதையே செய்யலாம். மருந்து ஐஸை நேரடியாகத் தொடாமல் ஒரு துண்டையும் சுற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகை கம்ப்ரசர் பெட்டி. வீட்டு ஃப்ரிட்ஜை 12 வோல்ட்டுக்குச் சுருக்கியது. வெளியே 40 டிகிரி என்றாலும் உள்ளே 4 டிகிரி வைக்கும், வேண்டுமென்றால் உறையவும் வைக்கும். கேட்ட குளிர் வந்ததும் தானே நின்றுவிடுவதால், நாள் முழுக்கக் கணக்குப் பார்த்தால் பெல்டியரில் பாதி மின்சாரம்கூட எடுக்காது. பேட்டரி இறங்கினால் தானே அணைந்துகொள்ளும் வசதியும் பெரும்பாலானவற்றில் உண்டு. விலை மட்டும் பல மடங்கு, எடையும் 10 கிலோவைத் தாண்டும். நாள்கணக்கில் சாலையிலேயே இருப்பவர்கள், மருந்து விற்பனைக்காக ஊர் ஊராகச் செல்கிறவர்கள், ஐஸ் கிடைக்காத இடங்களில் கூடாரம் அடிப்பவர்கள், இவர்களுக்கு அந்தப் பணம் வீண் போகாது. வருடத்துக்கு இரண்டு முறை சொந்த ஊருக்குப் போய்வரும் குடும்பத்துக்கு அது தேவையே இல்லை.

வாங்குவதென்று முடிவு செய்தால் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, உள்ளே கம்ப்ரசர் இருக்கிறதா என்பது. இரண்டு வகையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், இரண்டையும் கார் ஃப்ரிட்ஜ் என்றேதான் விற்கிறார்கள். அடுத்து, சாக்கெட்டில் பிளக் ஆடாமல் இறுக்கமாக உட்காருகிறதா என்று பாருங்கள். தளர்வாக இருந்தால் மணிக்கணக்கில் மின்சாரம் ஓடி அந்த இடம் சூடேறும், பிளாஸ்டிக் இளகிவிடும். பின்பக்கம் நிரந்தரமாக வைக்கப்போகிறீர்கள் என்றால் நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி, பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் வைத்துத் தனி வயர் இழுத்துக்கொள்ளுங்கள்.