கணிப்பொறியும் சமுதாயமும்: ஆய்வுக்கு நிதி உண்டா?

கணிப்பொறி என்ற சொல்லைக் கேட்டதும், "அது பொறியியல் கல்லூரிக்காரர்களின் சொத்து, கலைக் கல்லூரியில் படிக்கும் நமக்கு அதில் என்ன வேலை?" என்று ஒதுங்கிக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே உண்டு. பொருளியல் முதுகலை மாணவனாகிய நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது நூலகத்து நூல் அன்று. எங்கள் ஊர் நியாய விலைக் கடை.

ஒரு நாள் பாட்டியை அழைத்துக்கொண்டு அரிசி வாங்கப் போயிருந்தேன். கருவியில் விரலை வைக்கச் சொன்னார்கள். நாற்று நட்டும் களை பறித்தும் தேய்ந்துபோன விரல் அது. நான்கு முறை வைத்தும் கருவி ஏற்கவில்லை. "நாளைக்கு வாங்க பாட்டி" என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பும் வழியில் பாட்டி கேட்டார்: "என் கையே என்னை இல்லேங்குது. இதை யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

நண்பர்களே, அது ஓர் ஆராய்ச்சிக் கேள்வி. கருவி ஏன் ஏற்கவில்லை என்பதைப் பொறியாளர் சொல்லுவார். ஆனால் எத்தனை பேர் இப்படித் திரும்புகிறார்கள், அவர்கள் எந்தத் தொழில் செய்பவர்கள், இழந்த கூலி எவ்வளவு என்பதைப் பொருளியலும் சமூகவியலும் படித்தவர்களே ஆராய வேண்டும்.

இத்தகைய ஆய்வு நம் நாட்டில் நடந்திருக்கிறது. 2017-இல் பொருளியலறிஞர்கள் ஜீன் டிரீஸ், ரீத்திகா கேரா ஆகியோரும் அவர்தம் துணைவர்களும் ஜார்க்கண்டில் 32 சிற்றூர்களைச் சேர்ந்த 900 குடும்பங்களை ஆராய்ந்தனர். விரல் ரேகை முறையால் எடைக் குறைப்பு நீங்கவில்லை என்றும், முதியோர், கைம்பெண்கள் போன்ற நலிந்தோர்க்கு இடர் கூடியது என்றும் கண்டனர். அதற்கு வேண்டியிருந்தவை வினாப்பட்டியலும் நடக்கும் கால்களுமே. ஆயினும் நடப்பதற்கும் பேருந்துக் கட்டணம் வேண்டுமே! அந்தப் பணம் எங்கே கிடைக்கும்?

எங்கே கேட்பது?

தொழில்நுட்பத்திற்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை அதன் சமுதாய விளைவுகளை ஆராயவும் ஒதுக்க வேண்டும் என்ற கருத்து புதிதன்று. 1990-இல் தொடங்கிய மனித மரபணுத் தொகுதித் திட்டத்தில், அமெரிக்க அரசு அளித்த நிதியில் 3 முதல் 5 விழுக்காடு வரை அறம், சட்டம், சமுதாயம் சார்ந்த ஆய்வுகளுக்கென ஒதுக்கப்பட்டது. 1999-இல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவரின் ஆலோசனைக் குழு, தகவல் தொழில்நுட்பத்தின் சமுதாய, பொருளாதார விளைவுகளை ஆராயவும் நிதியைக் கூட்ட வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

நம் நாட்டிலும் வழிகள் உள்ளன. முதலாவது, பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை. தேசியத் தகுதித் தேர்வில் இதற்குத் தேர்ச்சி பெற்று முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால், முதல் இரண்டாண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், முதுநிலை ஆய்வாளராக உயர்ந்தபின் 42,000 ரூபாயும் என்று 2023 சனவரி முதல் உயர்த்தப்பட்டது. தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆய்வாளருக்கும் நெறியாளருக்கும் உரியது. கணிப்பொறியும் கிராமமும் என்று எடுத்துக்கொள்ளத் தடையில்லை.

இரண்டாவது, 1969-இல் நிறுவப்பெற்ற இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம். ஆசிரியர்களுக்குச் சிறிய, பெரிய ஆய்வுத் திட்டங்களுக்கும், முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு உதவித்தொகையாகவும் இது நிதி வழங்குகிறது. மால்கம் ஆதிசேசையா 1971-இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் இம்மன்றத்தின் ஆதரவு பெற்றதே.

மூன்றாவது புதியது: 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை. இயற்கை அறிவியலுக்கும் பொறியியலுக்கும் மட்டுமன்றி, கலை, சமூக அறிவியல் துறைகள் அறிவியல் தொழில்நுட்பத்தோடு சந்திக்கும் இடங்களுக்கும் ஆதரவளிப்பதை அச்சட்டம் இதன் பணிகளுள் ஒன்றாகச் சொல்லுகிறது. என் பாட்டியின் விரலும் கருவியும் சந்தித்த இடம் அப்படிப்பட்டதுதானே!

எப்படிக் கேட்பது?

நிதி கேட்கும் விண்ணப்பத்தின் உயிர் அதன் கேள்வி. "கணிப்பொறியால் சமுதாயம் பெறும் நன்மை தீமைகள்" என்று எழுதினால் அது கட்டுரைப் போட்டித் தலைப்பு. "விரல் ரேகை ஏற்கப்படாமையால் விவசாயக் கூலிக் குடும்பங்கள் ஓராண்டில் இழக்கும் வேலை நாட்கள்" என்று எழுதினால் அது ஆய்வு.

அடுத்தது ஆய்வு முறை. கடை வாசலில் நின்று வருவோரையெல்லாம் விசாரித்தால் போதும் என்று நான் முதலில் நினைத்தேன். என் பேராசிரியர் ஒரே வாக்கியத்தில் திருத்தினார்: "வர முடியாமலே நின்றுவிட்டவர்களை வாசலில் எப்படிப் பார்ப்பாய்?" உண்மைதான். குடும்ப அட்டைப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்து, வீட்டுக்கே போக வேண்டும். சம்மதம் கேட்டபின்பே வினாவைத் தொடங்க வேண்டும்; ஆதார் எண்ணைக் குறித்துக்கொள்ளக் கூடாது.

நிதிக் கோரிக்கை அதன் பிறகே. பத்து ஊர், ஊருக்கு 30 வீடு எனில் 300 வீடுகள். ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து வீடுகள் முடித்தால் 60 ஆள்நாட்கள். நான்கு பேருக்கு 15 நாள் வேலை. இதற்குரிய நாள்படி, பேருந்துக் கட்டணம், அச்சுச் செலவு என்று கணக்கிட்டால் ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணம் சொல்ல முடியும். இதைச் செய்யாமல் முதல் வரியிலேயே புதிய கணிப்பொறி கேட்பவரை மதிப்பீட்டாளர் எப்படி நம்புவார்? பணம் பெரும்பாலும் தவணைகளாக வரும். செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் கொடுத்தால்தான் அடுத்த தவணை.

ஓர் எச்சரிக்கை

நிதி தருபவருக்கும் ஒரு விருப்பம் இருக்கும். கருவியை விற்கும் நிறுவனமே கருவியைப் பற்றிய ஆய்வுக்குப் பணம் தந்தால், முடிவை வெளியிடும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பணத்திற்கேற்பக் கேள்வியை வளைப்பதைவிடச் சிறு பணத்தில் நேர்மையான கேள்வியைக் கேட்பது மேல்.

இறுதியாக, ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நிதி அறிவிப்புகள் பல, கடைசி நாள் கடந்த பிறகே நம் காதுக்கு எட்டுகின்றன. துறை அறிவிப்புப் பலகையில் ஒரு மூலையை அவற்றுக்கென ஒதுக்குங்கள். ஆய்வுத் திட்டத்திற்கு நீங்கள் விண்ணப்பித்தால் வீடு வீடாகச் செல்லும் களப்பணிக்கு நாங்கள் வருகிறோம். நியாய விலைக் கடை வரிசையில் நிற்பவர்கள் நம் வீட்டார். அவர்களுடைய கேள்வியை எழுதிக் கேட்கும் கல்வி நமக்குக் கிடைத்திருக்கிறது. கேட்போம்.