பீரோச் சாவி யார் கையில்?

அடிபட்டு வெளியேறிய பெண் நாலைந்து நாளில் அதே வீட்டுக்குத் திரும்புவதற்குப் பயமும் பாசமும் மட்டுமே காரணம் அல்ல. வாடகை வீட்டுக்கு முன்பணம், குழந்தையின் பள்ளிக் கட்டணம், மறுநாள் சாப்பாடு என எதற்கும் வழி இல்லாமல் திரும்புகிறவர்கள் பலர். "இத்தனை வருஷம் ஏன் பொறுத்துக்கொண்டாய்?" என்று கேட்கும் உறவினர்கள், கிளம்பும்போது கையில் எவ்வளவு காசு இருந்தது என்று கேட்பதில்லை.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், திருமணமான 18 முதல் 49 வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். இந்திய அளவில் இது 29.3 விழுக்காடு. அதே ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பத்தில் ஒன்பது பெண்களுக்கு மேல் தாங்களே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு இருக்கிறது. ஆனாலும் கணக்கு இருப்பது வேறு, காசு கைக்கு வருவது வேறு.

பாஸ்புக் மனைவியின் பெயரில் இருக்கும். ஏடிஎம் அட்டை கணவரின் சட்டைப் பையில் இருக்கும். கணக்கோடு இணைத்த செல்போன் எண்ணும் அவருடையது என்பதால், ஓடிபி அவருக்குத்தான் போகும். மகளிர் குழுவில் வாங்கிய கடன் மனைவியின் பெயரில் நிற்கும். பணம் கணவரின் செலவுக்குப் போயிருக்கும்; தவணை நாளில் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மனைவி. தாலிச் சங்கிலி தவிர மற்ற நகைகள் அடகுக் கடையில் கிடக்க, ரசீது கணவரிடம் இருக்கும். வேலைக்குப் போகக் கூடாது என்று தடுப்பதும், போனால் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும் இதே வகைதான். உடம்பில் காயம் தெரியாததால் இவற்றையெல்லாம் வன்முறை என்று அந்தப் பெண்களே பல நேரம் எண்ணுவதில்லை.

சட்டம் எண்ணுகிறது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம், உடல், பாலியல், மன வன்முறைகளோடு பொருளாதார வன்முறையையும் தனியாக வரையறுத்திருக்கிறது. வீட்டுச் செலவுக்குப் பணம் தராதது, சம்பளத்தைப் பறிப்பது, மனைவிக்குத் தெரியாமல் நகையை அடகு வைப்பது எல்லாம் இதில் அடங்கும். வீடு யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமையையும் சட்டம் பெண்ணுக்குத் தருகிறது. மருத்துவச் செலவு, இழந்த வருமானம், மாதாந்திரப் பராமரிப்பு ஆகியவற்றுக்குக் குற்றவியல் நடுவர் உத்தரவிடலாம். அவசரம் என்றால் இடைக்கால உத்தரவும் போடலாம். கணவர் பணம் கட்டத் தவறினால், அவருக்குச் சம்பளம் தரும் நிறுவனமே நேரடியாக மனைவிக்குக் கொடுக்க வேண்டும் என்றும் ஆணையிடலாம். மாதச் சம்பளக்காரரிடம் இது பலிக்கும். கூலி வேலை செய்பவர், சொந்தக் கடை வைத்திருப்பவர் என்றால் ஆணையை யாருக்கு அனுப்புவது? வருமானமே இல்லை என்று கைவிரிப்பவர்களும் உண்டு. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், மனு கொடுத்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்றும் சொன்னது இந்தக் கைவிரிப்பைத் தடுக்கத்தான்.

சீதனத்தைப் பற்றிய தீர்ப்பு அதைவிடப் பழையது. திருமணத்தில் பெண்ணுக்கு வந்த நகையும் பாத்திரமும் அவருடைய முழுச் சொத்து. கணவர் வீட்டார் அவற்றைக் காப்பவர்கள் மட்டுமே. திருப்பித் தர மறுப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று பிரதிபா ராணி வழக்கில் 1985லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சிக்கல் எல்லாம் நிரூபிப்பதில்தான். நகைக்கடை ரசீது கிடைக்காதபோது கல்யாண ஆல்பம்தான் சாட்சி. கழுத்திலும் கையிலும் என்னென்ன இருந்தன என்பதைப் புகைப்படமாவது காட்டும்.

குடும்ப வன்முறை மனுவை முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் வாய்தா மேல் வாய்தாவாக வழக்கு இழுக்கும்போது, பெண்ணின் அன்றாடச் செலவைப் பார்ப்பவர் யார் என்பதே பெரிய கேள்வி. 181 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்க இடம் கிடைக்கும். பாதுகாப்பு அலுவலர் மூலம் மனு கொடுக்கலாம். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், எல்லாப் பெண்களுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக வழக்கறிஞர் இலவசம். ஆனால் ஐந்து நாளில் ஒரு வாழ்க்கையைத் திருப்பிக் கட்ட முடியாது. கைவிடப்பட்ட மனைவியருக்கான ஓய்வூதியமோ, நீதிமன்றப் பிரிவினைச் சான்று இல்லாதவர் பிரிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்று கேட்கிறது. முதல் ஆறு மாதம்தான் மிகக் கடினமானது. அப்போது பெரிதாக எதுவும் கைகொடுப்பதில்லை.

தையல் இயந்திரம் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணமும் மாற வேண்டும். தைத்ததை வாங்க ஆள் வேண்டும். வேலை நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இடம் வேண்டும். வேலையிடத்துக்கே வந்து கணவர் சத்தம் போட்டால், 'குடும்ப விவகாரம்' என்று பெண்ணை நிறுத்திவிடாத முதலாளி வேண்டும். வேலையிடத்துக்குக் கணவர் வரத் தடை விதிக்க நடுவரால் முடியும். அந்த உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உத்தரவின் நகலை வேலையிடத்திலும் கொடுத்து வைப்பது நல்லது.

2021 மே முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால், வேலை தேடி அலையும் நாளில் பேருந்துக் காசு மிச்சமாகிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையின் 1,000 ரூபாய், பெற்று வருபவருக்கு மாதாமாதம் வந்து சேரும் நிச்சயமான பணம். அது பழைய கணக்கில், பழைய செல்போன் எண்ணுக்கு விழுந்துகொண்டிருந்தால் பயன் இல்லை. ஆகவே வெளியேறும் பெண் பையில் முதலில் போட வேண்டியவை ஆதார், பாஸ்புக், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், அடகு ரசீதின் படம். அடுத்த வேலை நாளில் வங்கிக்குப் போய்ப் பழைய ஏடிஎம் அட்டையை முடக்கி, கணக்கோடு தன் சொந்த எண்ணை இணைக்க எழுதிக் கொடுக்க வேண்டும்.