கால்வாய்க் கரையில் சைக்கிள் பயணிகள்: தாமிரபரணி உழவருக்கு என்ன பயன்?

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் சைக்கிள் இல்லாத விவசாய வீடு ஒரு காலத்தில் அரிது. வாழைத்தாரும், புல்கட்டும், பால்கேனும் அதில்தான் போயின. இன்று அந்த வேலையை மோட்டார் சைக்கிள் எடுத்துக்கொண்டது. ஆனால் உடல் நலத்துக்காகவும் மன அமைதிக்காகவும் ஓய்வு நாளில் சைக்கிள் மிதித்துக் கிராமங்களைப் பார்க்க விரும்பும் நகரத்தார் பெருகி வருகின்றனர். இவர்கள் உங்கள் வயலோரம் வந்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும், எதில் கவனம் வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இத்தாலியில் நடந்தது என்ன?

இத்தாலி நாட்டில் பிளாரன்ஸ், சியெனா என்ற இரு நகரங்களுக்கு இடையே கியாந்தி என்னும் மலைப்பாங்கான பகுதி உள்ளது. ஒயின் தயாரிப்பதற்கான திராட்சையும் ஆலிவும் அங்கு முக்கியப் பயிர்கள். நெடுங்காலம் அங்கே பாதி வாரச் சாகுபடி முறை இருந்தது. குடியானவர் பாடுபட்டு விளைவித்ததில் பாதி நில உடைமையாளருக்குப் போகும். 1964ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்தது. இதற்குள் ஏராளமான குடும்பங்கள் நிலத்தை விட்டு நகரத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டன. கல்வீடுகள் பூட்டிக் கிடந்தன.

1985இல் அந்நாடு பண்ணைச் சுற்றுலாவுக்கென ஒரு சட்டம் இயற்றியது. உழவர் தம் பண்ணையில் விருந்தினரைத் தங்க வைக்கலாம், தம் விளைபொருளைச் சமைத்துப் பரிமாறலாம். ஆனால் விவசாயமே முதல் தொழிலாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1997இல் கயோலே என்ற சிற்றூரில் பழைய காலச் சைக்கிள்களில் செல்லும் ஓட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. தார் போடாத வெள்ளைச் சரளைச் சாலைகளைக் காப்பதே அதன் நோக்கம். இன்று ஆண்டுதோறும் அக்டோபரில் ஆயிரக்கணக்கானோர் அங்கு வருகின்றனர். மண் சாலை என்று ஒதுக்கப்பட்டது ஊரின் சொத்தாக மாறியது.

இதில் மற்றொரு பாடமும் உண்டு. பூட்டிக் கிடந்த வீடுகள் பலவற்றை வெளியூராரும் வெளிநாட்டாரும் வாங்கிவிட்டனர். நிலத்தில் உழைத்துவிட்டுப் போன குடும்பங்களுக்கு இவ்வருமானம் சேரவில்லை. ஊர் அழகானால் மட்டும் போதாது, பலன் யார் கைக்குப் போகிறது என்பதையும் முதலிலேயே பார்க்க வேண்டும்.

நம் பகுதியின் இயற்கை வசதி

கியாந்தியில் நூறு மீட்டர் போவதற்குள் ஐந்து, பத்து மீட்டர் உயரம் ஏற வேண்டிய இடங்கள் பல. பழக்கம் இல்லாதவர் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். நம் பகுதியின் நிலை வேறு. பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. இவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் சுமார் 86,000 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் தருகின்றன. தண்ணீர் தானாக ஓட வேண்டுமானால் கால்வாயின் சரிவு மிகக் குறைவாகவும் சீராகவும் இருக்க வேண்டும். எனவே அதை ஒட்டிச் செல்லும் பாதையும் ஏறக்குறைய சமமாகவே இருக்கும். பாலமும் மடையும் வரும் இடங்களில் மட்டும் சிறு ஏற்றம் இருக்கும். மேற்கே மலை, ஒருபுறம் வயல், மறுபுறம் வாழைத் தோட்டம் எனக் காட்சிக்கும் குறைவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டே ஏற்றம் இல்லாமல் மிதிக்கலாம் என்பதே நம் பகுதியின் தனிச்சிறப்பு.

ஏற்ற வழித்தடம்

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் ஏறத்தாழ 35 கி.மீ. இவ்வழியில் ஆற்றின் தென்புறம் பத்தமடை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி ஆகிய ஊர்கள் உள்ளன. பத்தமடையில் கோரைப்பாய், காருகுறிச்சியில் மண்பாண்டம், வீரவநல்லூரில் கைத்தறிச் சேலை, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் என ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தொழில் உண்டு. கன்னடியன் கால்வாய்ப் பாசனம் இப்பகுதியில்தான் பரவியுள்ளது. பக்கத்தில் திருப்புடைமருதூரில் ஆற்றங்கரை மருத மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. ஊரார் காத்துவந்த இவ்விடம் 2005இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. திருநெல்வேலி - செங்கோட்டை ரயில் பாதையும் இவ்வழியே செல்வதால், களைத்தவர்கள் ரயிலில் திரும்பலாம். பாபநாசம், மணிமுத்தாறு ஆகியவற்றுக்கு மேலே உள்ள மலைப்பகுதி புலிகள் காப்பகம் ஆகும். வனத்துறை அனுமதியின்றி அங்கு எவரையும் அழைத்துச் செல்லக்கூடாது.

பருவமும் காற்றும்

பிசானப் பயிர் பசுமையாக நிற்கும் காலம், அதாவது மழை ஓய்ந்த பின் பிப்ரவரி முடிய உள்ள மாதங்கள், மிகவும் ஏற்றவை. கார் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று பலமாக வீசும். அப்போது அம்பாசமுத்திரத்தில் தொடங்கிக் கிழக்கே வந்தால் காற்று முதுகில் தள்ளும். எதிர்த்திசையில் போனால் உழைப்பு மிகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரைப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையும் வெள்ளமும் நமக்குக் கற்பித்ததை மறக்கக் கூடாது.

பயணிக்குத் தேவையானவை

நிதானமாக மிதிப்பவர் மணிக்கு 12 முதல் 15 கி.மீ. போவார். ஒரு மணிக்கு ஒரு முறை தண்ணீரும் நிழலும், இரண்டு மணிக்கு ஒரு முறை உணவும் தேவைப்படும். ஆகவே 12 கி.மீ.க்கு ஒரு தங்குமிடம் இருந்தால் போதும். அங்கு இருக்க வேண்டியவை:

1. மண்பானையில் காய்ச்சி ஆறிய குடிநீர்.
2. சுத்தமான கழிப்பறை. பெண் பயணிகள் வருவதும் வராததும் இதைப் பொறுத்ததே.
3. காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான்கள்.
4. இளநீர், ஏத்தன் பழம், சுண்டல், கஞ்சி முதலிய எளிய உணவு. பருவத்தில் பதநீரும் தரலாம்.
5. விலைப்பட்டியல். எல்லா வீட்டிலும் ஒரே விலை இருக்க வேண்டும்.

நடவு, அறுவடை நாள்களில் அரை மணி நேரம் வயலைச் சுற்றிக் காட்டலாம். உங்கள் நெல் என்ன இரகம், எத்தனை நாள் பயிர், ஒரு கிலோ அரிசிக்கு எவ்வளவு பாடு என்று சொல்லுங்கள். விலை பேசும் மனம் அதன்பின் மாறும். அரிசியையும் ஏத்தன் வற்றலையும் நேரடியாக விற்க இதுவே வழி.

வருமானக் கணக்கு

ஆசை காட்டும் கணக்கு வேண்டாம். எளிய உதாரணம் ஒன்று பார்ப்போம். ஞாயிறுதோறும் பத்துப் பேர் வந்து தலைக்கு ரூ.100 செலவிட்டால் வரவு ரூ.1,000. பொருள் செலவு பாதி போக மிச்சம் ரூ.500. மாதத்துக்கு நான்கு ஞாயிறு, மூன்று மாதப் பருவம் என்றால் மொத்தம் ரூ.6,000. ஐந்து வீட்டார் பங்கிட்டால் வீட்டுக்கு ரூ.1,200.

இப்போது ஒருவர் ரூ.2 லட்சம் கடன் வாங்கி அறை கட்டுகிறார் என வைத்துக்கொள்வோம். 10 சத வட்டி என்றாலே ஆண்டுக்கு ரூ.20,000 ஆகிறது. ஐந்து வீட்டு வருமானமும் சேர்ந்து அந்த வட்டிக்குக் காணாது. ஆகவே கடன் வாங்கிக் கட்டடம் எழுப்ப வேண்டாம். இருக்கும் திண்ணையையும் தோட்டத்து நிழலையும் கொண்டே தொடங்குங்கள். இரண்டு பருவம் நடத்திப் பார்த்த பின் மேற்கொண்டு யோசிக்கலாம். உண்மையான ஆதாயம் தேநீரிலும் சுண்டலிலும் இல்லை. ஆண்டு முழுவதும் உங்களிடமே அரிசி வாங்கும் பத்து வீட்டுக்காரரைத் தேடிக்கொள்வதில்தான் உள்ளது.

கவனிக்க வேண்டியவை

கால்வாய்க் கரை நீர்வளத் துறைக்கு உரியது. கடை போடவோ பந்தல் கட்டவோ கூடாது. கரையில் பயணிகளை அழைத்துச் செல்லும் முன் துறையினரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உணவு விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு தேவை. பூச்சிமருந்து தெளித்த வயலில் சிவப்புத் துணி கட்டி, அன்று யாரையும் உள்ளே விடாதீர்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுக்கு வேலி இடுங்கள்.

சாலையில் நெல் காயப்போடும் வழக்கத்தையும் விட வேண்டும். பரப்பிய நெல்லில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் சறுக்கி விழுகின்றன. கொதிக்கும் தார்ச் சாலையில் நெல் மிக விரைவாகக் காய்வதால் மணியில் வெடிப்பு விழுந்து, அரைக்கும்போது நொய் மிகுகிறது. களத்திலோ தார்ப்பாயிலோ கிளறிவிட்டுக் காயவைப்பது வழிப்போக்கருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

சாலையை அகலப்படுத்தும் பேச்சு வரும்போது கரையோர மருத மரங்களுக்காகக் கிராம சபையில் பேசுங்கள். நிழல் போனால் பயணியும் போவார்.

கூட்டாகச் செய்யுங்கள்

தனியாக ஒருவர் செய்வதைவிட, ஒரு மடைக்கு உட்பட்ட ஐந்து முதல் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து செய்வது சிறந்தது. குத்தகைக்கு உழுபவரையும் மகளிர் குழுவினரையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். முறை வைத்து நடத்தினால் யாருடைய வயல் வேலையும் கெடாது. தண்ணீரை முறை வைத்துப் பங்கிட்டு வாழ்ந்த நமக்கு இது புதிய பாடம் அல்ல. வரும் பிசானத்தில் ஒரே ஒரு தங்குமிடத்துடன் தொடங்கிப் பாருங்கள். பயிரை முதலாகவும் பயணியை விருந்தாகவும் கொண்டால், இச்சிறு வருமானம் உங்கள் கையிலேயே நிற்கும்.