முட்டிக்கு மேலா, கீழா?

போன வாரம் ஹாக்கி வீரர் வாசுதேவன் பாஸ்கரனையும் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கையும் லெஃப்ட் ஹாஃப் என்கிற இடத்தையும் பார்த்தோம். விட்ட இடம் ஞாபகம் இருக்கும். பத்தொன்பது வயது ஐரோப்பிய டிஃபெண்டர் ஒருவன் ஹாக்கியையே பிழைப்பாகக் கொள்ளும் அளவுக்குத் தேறுவானா என்று எதை வைத்துக் கணிப்பது? அதைத்தான் இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் விதிப் புத்தகத்தைப் புரட்டும்போது பெனால்டி கார்னர் பகுதியில் ஒரு பத்தி கண்ணில் பட்டது. அதைத் தாண்டி வர மனசு வரவில்லை.

பெனால்டி கார்னரில் தடுப்பவர்கள் ஐந்தே பேர், கோல்கீப்பரையும் சேர்த்து. கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிடுவார். அது கோலுக்கு முன்னால் இருக்கும் ‘டி’ வளைவை விட்டு வெளியே போய் வந்த பிறகுதான் கோலை நோக்கி அடிக்கலாம். ஓங்கி அடிக்கும் முதல் அடி என்றால் 460 மில்லிமீட்டர் உயரத்துக்குள் கோட்டைக் கடக்க வேண்டும். கோலின் பின்பலகை உயரம் அது. டிராக் ஃப்ளிக்குக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. மட்டையில் ஒட்டி இழுத்து வீசும் பந்து நெஞ்சு உயரத்திலும் வரலாம், முகத்துக்கும் வரலாம்.

அந்தப் பந்தை நோக்கி ஒருவன் ஓடுகிறான். முகமூடி, முட்டிக் காப்பு, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, பந்து அசைந்த கணத்தில் கோல் கோட்டிலிருந்து பாய்கிறான். முதல் ரஷ்ஷர். பந்து வெளியே போய் ஃப்ளிக் ஆகும்வரை அவனுக்குக் கிடைப்பது இரண்டு நொடிகூட இல்லை.

விதி சொல்வது இதுதான். ஷாட் அடிப்பவரிலிருந்து 5 மீட்டருக்குள் வந்துவிட்ட டிஃபெண்டரின் முட்டிக்குக் கீழே பந்து பட்டால், எதிரணிக்கு இன்னொரு பெனால்டி கார்னர். முட்டியிலோ அதற்கு மேலோ பட்டால் ஷாட்டே ஆபத்தானது என்று கணக்கு. ஃப்ரீ ஹிட் தடுக்கும் அணிக்கு. அத்தோடு முடியவில்லை. மட்டையால் பந்தை ஆட முயலாமல் வெறும் உடம்பைக் கொண்டுபோய் ஷாட்டுக்குள் நுழைத்தால் குற்றம் ரஷ்ஷருடையது. ஆக, துணிச்சல் மட்டும் போதாது. மட்டை முன்னால் போக வேண்டும். கோலின் ஒரு பாதியை அவன் ஓடும் கோடு மறைக்க வேண்டும், மறு பாதி கோல்கீப்பர் பாடு. பயத்தை அடக்கிக்கொண்டு கோணம் போடுகிற வேலை இது. ஹாக்கியில் இதைவிடப் பெரிய திறமை எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த வேலையில் நம் காலத்து ஆசான் அமித் ரோஹிதாஸ். ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டம், சவுனாமாரா கிராமம். திலீப் திர்க்கியின் அதே ஊர். ஒரே கிராமம் இரண்டு பெரிய டிஃபெண்டர்களைக் கொடுத்திருக்கிறது! 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கிரேட் பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி நேரமெல்லாம் பத்துப் பேரோடு ஆடியும் இந்தியா ஷூட்அவுட்டில் ஜெயித்தது. ஆனால் ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் அவர் ஆட முடியவில்லை. அந்த ஆட்டத்தில் ஜெர்மனியின் முதல் கோல் பெனால்டி கார்னரில் வந்தது. அடித்தவர் கொன்சாலோ பேயாட். 2-3 என்று தோற்றோம். ரோஹிதாஸ் இருந்திருந்தால் அந்தப் பந்து நின்றிருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பேயாட் அவ்வளவு நிதானமாக இழுத்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

அதே ஆண்டு அக்டோபரில் ஹாக்கி இந்தியா லீக் ஏலம் நடந்தது. பேயாட் 68 லட்சம், வெளிநாட்டுக்காரர்களில் உச்ச விலை. ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சம், மொத்தத்திலும் உச்சம். நம் தமிழ்நாடு டிராகன்ஸ் நெதர்லாந்தின் யிப் யான்சனை 54 லட்சத்துக்கு எடுத்தது. மூவரும் டிஃபெண்டர்கள், மூவரும் டிராக் ஃப்ளிக் போடுகிறவர்கள். ரோஹிதாஸையும் டிராகன்ஸ்தான் 48 லட்சத்துக்கு எடுத்தது, நல்ல விலைதான். ஆனால் அது முப்பத்தொரு வயதில், இரண்டு ஒலிம்பிக் பதக்கங்களுக்குப் பிறகு வந்த விலை.

இனிதான் நம் ஐரோப்பியப் பையனுக்கு வருகிறேன். இன்றைய சந்தை ஒரு டிஃபெண்டருக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அவன் அடிக்கும் கோலுக்கு. தடுப்பதற்கு அல்ல. ராஜபாளையத்தில் நாய்க்குட்டி எடுக்க வருகிறவர்கள் பால் வெள்ளை நிறத்தையும் ரோஜா நிற மூக்கையும்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்த வெள்ளையோடு காது கேளாமையும் சில குட்டிகளுக்குச் சேர்ந்தே வரும். விவரம் தெரிந்தவர் குட்டியின் முதுகுப் பக்கம் நின்று கையைத் தட்டிப் பார்ப்பார். காவலுக்கு வேண்டியது காது. டிஃபெண்டரிடமும் அப்படித்தான் தட்டிப் பார்க்க வேண்டும்.

எங்கே தட்டுவது? பந்து வருவதற்கு முன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறானா? தன் இடப்பக்கம், ரிவர்ஸ் பக்கம், ஒருவன் வெட்டிப் போகும்போது காலை மாற்றுகிறானா, கையை மட்டும் நீட்டுகிறானா? ஒரு தப்புக்குப் பிறகு அடுத்த பாஸை எங்கே போடுகிறான்? பெனால்டி கார்னரில் அவனை ரஷ்ஷராக அனுப்ப அவன் கோச் நம்புகிறாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்றால் மற்றதில் பாதி தேறியதுபோல்தான்.

டிராக் ஃப்ளிக் இல்லாமலே உச்சிக்குப் போனவர் உண்டு. பெல்ஜியத்தின் ஆர்தர் வான் டோரன். 2017-ல் உலக ஹாக்கி சம்மேளனத்தின் சிறந்த இளம் வீரர் விருதும், வயது வரம்பில்லாத சிறந்த வீரர் விருதும் ஒரே ஆண்டில் அவருக்கே. அதுவும் ஒரு டிஃபெண்டருக்கு! அடுத்த ஆண்டு மறுபடியும் சிறந்த வீரர், புவனேஸ்வரில் உலகக் கோப்பை. பிறகு டோக்கியோவில் தங்கம். எதிராளியை ஓரத்துக்கு ஓட்டிக் களைக்க வைத்து, பந்தைப் பறித்த அதே மூச்சில் தாக்குதலைத் தொடங்கிவிடுவார். ஏலத்தில் பெயர் வாசிக்கும்போது திரையில் காட்டச் சட்டென்று ஒரு காட்சி கிடைக்காத ஆட்டம் அது.

இதெல்லாம் தொலைக்காட்சிச் சமாச்சாரம் இல்லை இப்போது. 2025 டிசம்பர் 2 அன்று மதுரையில் ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியா சுவிட்சர்லாந்தை 5-0 என்று வென்றது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத் தூரத்தில் ஐரோப்பியப் பையன்கள் ஆடினார்கள். ஐந்து கோல் வாங்கிய அணியின் பின்வரிசையைத்தான் நான் உற்றுப் பார்ப்பேன்; ஜெயிக்கிற அணியின் டிஃபெண்டருக்கு வேலையே குறைவு. மூன்றாவது கோலுக்குப் பிறகும் யார் குரல் கொடுத்து ஆட்களை நிறுத்துகிறான், யார் தலையைத் தொங்கப் போடுகிறான் என்பது ஸ்கோர் அட்டையில் ஏறாது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இந்தப் பக்கம் சிவகாசி, சாத்தூர் தாண்டினால் கோவில்பட்டி. லட்சுமி அம்மாள் நினைவு ஹாக்கிப் போட்டி நடக்கிற ஊர். மாரீஸ்வரன் சக்திவேலும் அங்கே பயின்ற கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். கார்த்தி பாகிஸ்தானுக்கு எதிராகக் கோலே அடித்தார். இருவரும் முன்னால் ஆடுகிறவர்கள். அந்த மைதானத்தில் பின்வரிசையில் நிற்கும் பையனையும் இதே கேள்விகளை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் ஐரோப்பியனைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

ஒப்பந்தம், சம்பளம், ஜெர்மனியில் பல்கலைக்கழகப் படிப்போடு கிளப் ஆட்டத்தையும் சேர்த்துச் சுமக்கும் பையன்கள், நெதர்லாந்து கிளப்புகள் வெளிநாட்டவரை இழுக்கும் விதம் என்று சொல்ல வைத்திருந்த பாதி அப்படியே நிற்கிறது. அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)