கை வீசி ஆடிய விளையாட்டு

பிள்ளை அசையாமல் அமர்ந்து வீடியோ கேம் ஆடுகிறானே என்பது இன்று பல தாய்மாரின் கவலை. இக்கவலைக்கு விளையாட்டுக் கம்பெனிகளே ஒரு காலத்தில் மருந்து கொண்டு வந்தன. அந்த மருந்து என்னவாயிற்று என்பதைச் சகோதரிகள் அறிந்திருப்பது நல்லது.

2006 நவம்பரில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'வீ' என்ற கருவியை வெளியிட்டது. அதுவரை பெரும்பாலும் பொத்தான்களை அழுத்தியே ஆடினார்கள். இதிலோ டீவி ரிமோட் போன்ற ஒன்றைப் பிடித்துக் கையை வீச வேண்டும். திரையிலுள்ள டென்னிஸ் வீரரும் மட்டையை வீசுவார். பொத்தான்களைக் கண்டு ஒதுங்கிய முதியவர்களும் எழுந்து ஆடினார்கள். வீசிய வேகத்தில் ரிமோட் கை நழுவிப் பறந்ததும் உண்டு. அதனால் அவ்வாண்டு டிசம்பரிலேயே சுமார் 32 இலட்சம் மணிக்கட்டுப் பட்டிகளை மாற்றித்தர நிறுவனம் முன்வந்தது. மொத்தத்தில் 10 கோடிக்கும் அதிகமான கருவிகள் விற்பனையாயின.

2010இல் மைக்ரோசொப்டின் 'கினெக்ட்' வந்தது. கையில் எதுவும் வேண்டாம். கமராவே உடலின் அசைவைக் கண்டுகொள்ளும். முதல் 60 நாட்களில் 80 இலட்சம் விற்றது. 2013இல் புதிய எக்ஸ்பொக்ஸுடன் சேர்த்தே அதை விற்றார்கள். மறு ஆண்டே அது இல்லாமல் 100 டொலர் குறைவாக விற்கத் தொடங்கினார்கள். 2017இல் உற்பத்தியே நின்றது.

ஏன் இந்த வீழ்ச்சி? நுட்பமான அசைவுகளைக் கருவி பிழையாக விளங்கிக்கொண்டது. கினெக்டுக்கு விசாலமான அறை தேவைப்பட்டது. புதுமையும் தீர்ந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஓடி ஆடாமல், சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை மட்டும் சுண்டினாலும் டென்னிஸில் வெல்லலாம் என்பதைப் பலர் கண்டுகொண்டார்கள். அமர்ந்திருக்க விரும்பும் மனதை எந்தக் கருவியும் எழுப்பிவிடாது.

இவ்வகை விளையாட்டுகள் முற்றாக மறைந்துவிடவில்லை. 2017இல் வந்த 'ஸ்விட்ச்' கருவியிலும் அசைவை அறியும் வசதி உண்டு. அவற்றை ஆடுவது தவறென்று நான் சொல்ல வரவில்லை. பெற்றோர் செய்ய வேண்டியதை ஒரு பெட்டி செய்துவிடும் என்று நம்புவதே தவறு.

நபி (ஸல்) அவர்கள் தம் மனைவி ஆயிஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். ஒரு முறை ஆயிஷா (ரழி) முந்தினார்கள். பின்னொரு முறை நபியவர்கள் முந்தினார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது. உம்மத்தின் பொறுப்பைச் சுமந்தவர்களுக்கே அதற்கு நேரம் இருந்தது.

அஸருக்குப் பின் பத்து நிமிடம் முற்றத்தில் பிள்ளையோடு பந்து எறிந்து பாருங்கள். வாப்பாவையும் கூப்பிடுங்கள். பிள்ளை தேடுவது பல நேரங்களில் விளையாட்டை அல்ல, தன்னோடு விளையாட ஓர் ஆளைத்தான்.