கிரிவலம் போகும் காது மிஷின்

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நிதானமாக நடக்கும் பெரியவர்களுக்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். சித்ரா பௌர்ணமியில் தார்ச்சாலை பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் வெறுங்காலுக்குத் திருப்பித் தரும். கார்த்திகை தீபத்துக்கோ வடகிழக்குப் பருவமழையும் கூடவே வரும். 2024 கார்த்திகையில் ஃபெஞ்சல் புயலின் மழை மலைச்சரிவையே பெயர்த்து ஏழு உயிர்களைக் கொண்டுபோன ஊர் இது.

இந்த நடையில் காதுக்குப் பின்னால் காது மிஷின் மாட்டியவர்களும் வருகிறார்கள். நனைந்துவிடுமோ என்று பயந்து அதை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அது எனக்குச் சரியாகப் படவில்லை. பின்னால் வரும் வண்டியின் ஹாரனும், காவலர் மைக்கில் சொல்வதும், கூட்டத்தில் கைவிட்டுப்போன பேத்தி கூப்பிடுவதும் கண்டிப்பாகக் கேட்க வேண்டிய இரவு அது. நீர் அந்தக் கருவியை எப்படிக் கெடுக்கிறது என்று தெரிந்துகொண்டால், பயமில்லாமல் மாட்டிக்கொண்டே நடக்கலாம்.

முதலில் ஒன்று. மழையைவிட வியர்வைதான் பெரிய எதிரி. மழை என்றாவது பெய்யும், அதில் உப்பும் இல்லை. வியர்வை தலைமுடிக்குள்ளிருந்து இறங்கி, காதுமடலின் பின்மடிப்பில், சரியாகக் கருவி உட்கார்ந்திருக்கும் இடத்தில் வந்து தேங்குகிறது. அதில் கரைந்திருக்கும் உப்பு மின்சாரத்தைக் கடத்தும். கருவிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையில் உலோகத் தடங்கள் மயிரிழை இடைவெளியில் ஓடுகின்றன. அவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் படிந்தால் போதும்: பேட்டரியின் 1.4 வோல்ட்டே ஒரு தடத்தின் உலோகத்தை அயனிகளாகக் கரைத்து எதிர்த் தடத்துக்கு இழுத்துப்போகிறது. அங்கே அது மீண்டும் உலோகமாகப் படிந்து, கிளைவிட்டு வளர்ந்து, ஒருநாள் இரண்டு தடங்களையும் தொட்டுவிடும். அன்றைக்குக் கருவி பேச்சை நிறுத்தும். இதனால்தான் ‘தண்ணியே படலை, திடீர்னு நின்னுபோச்சு’ என்று பலர் சொல்கிறார்கள். கேடு நடந்தது அன்றில்லை, வாரக்கணக்கில் நடந்திருக்கிறது. பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளேயிருக்கும் உலோக முனையில் பச்சை ஏறியிருந்தால் தாமிரம் அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது.

அந்தக் குட்டிப் பேட்டரியின் கதை தனி. ஆரஞ்சு, பழுப்பு என்று நிற ஸ்டிக்கர் ஒட்டி வருபவை துத்தநாகக் காற்று பேட்டரிகள். மின்சாரம் தர வேண்டிய துத்தநாகம் உள்ளே இருக்கிறது. அதோடு சேர வேண்டிய ஆக்சிஜன் வெளிக்காற்றிலிருந்து வருகிறது. ஸ்டிக்கரை உரித்ததும் சின்னஞ்சிறு துளைகள் வழியே காற்று நுழைந்து வேலை தொடங்கும். காற்று நுழையும் துளையில் நீராவியும் நுழையும். உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஈரத்தை ஆவலோடு உறிஞ்சுவது. மழைக்காலக் காற்றில் அது நீர் கோத்துப் பெருகி, காற்று நுழையும் பரப்பை நனைத்து அடைக்கிறது. சில சமயம் வெளியே கசிகிறது. காற்று மிகவும் வறண்டிருந்தாலோ அதே கரைசல் உலர்ந்து பேட்டரி செத்துப்போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்தால் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஆகவே, கருவியை நனையாமல் காக்கிறேன் என்று பாலிதீன் உறையைச் சுற்றிக்கொள்வது கூடாது. பேட்டரிக்கு மூச்சு முட்டும். தோலிலிருந்து எழும் ஆவியும் வெளியேற வழியின்றி உள்ளேயே படியும்.

ஆவி செய்யும் இன்னொரு வேலை, நடையை முடித்துவிட்டு ஏசி பஸ்ஸில் ஏறும்போது தெரியும். காதுக் குழியின் காற்று உடம்புச் சூட்டில், ஈரம் நிறைந்து இருக்கிறது. அச்சு எடுத்து மாட்டும் வகைக் கருவியில் அந்தக் காற்று பிளாஸ்டிக் குழாய் வழியே மேலேறுகிறது. வெளியே ஏசி, குழாய் குளிர்ந்திருக்கிறது. ஆவி துளியாகத் திரள்கிறது. ஒரே ஒரு துளி குழாயை அடைத்தாலும் ஒலி காதுக்குப் போகாது. கருவி பழுதாகிவிட்டது என்று பதறுவார்கள். குழாயைக் கழற்றி, அதற்கென்று விற்கும் ரப்பர்க் குமிழால் காற்றடித்துத் துளியை வெளியேற்றினால் சரியாகிவிடும். வாயால் ஊதக் கூடாது. மூச்சிலும் ஈரம்தான் இருக்கிறது.

‘என் மிஷின் வாட்டர்புரூஃப், ஐபி 68 போட்டிருக்கு’ என்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்த எண்ணின் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது நீருக்கு. 8 என்றால் நீரில் மூழ்கியிருந்தாலும் தாங்கும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும். சோதனை நடப்பது புதிய கருவியில், சாதாரணத் தண்ணீரில். நம் தலையிலிருந்து வடிவதோ உப்பும் எண்ணெயும் கலந்தது. இன்றைய கருவிகளின் மேல் தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததுபோல நீரை உருட்டிவிடும் மெல்லிய பூச்சு உண்டு. நீரின் பரப்பு இழுவிசை வலுவாக இருப்பதால்தான் அது துளியாக உருண்டு ஓடுகிறது. சோப்பு அந்த இழுவிசையைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிவிடும். தேங்காய் எண்ணெய்க்கு இயல்பிலேயே அது குறைவு. அப்புறம் துளி உருளாமல் பரவி, மூடியின் இடுக்குகளில் ஏறிவிடும். எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகும் நாளில் கருவியைக் குளியலறைக்கு வெளியே வைப்பது மட்டும் போதாது. தலை நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும்.

கருவியின் துளைகளில் நீர்த்துளியைத் தடுக்கும் சின்னஞ்சிறு வடிகட்டிகள் நீராவியைத் தடுப்பதில்லை. ஒலியும் காற்றும் போக வேண்டிய வழியை முழுதாக அடைக்கவும் முடியாது. ஆகவே எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும் பகலில் கொஞ்சம் ஈரம் உள்ளே போகத்தான் செய்யும். அதை இரவில் வெளியே எடுத்தாக வேண்டும்.

அரிசி டப்பாவுக்குள் போட்டு வைக்கும் வழக்கம் நம்மிடம் பரவிவிட்டது. இந்த மாவட்டத்தில் அது சொல்லக் கூடாத யோசனை. ஆரணி அரிசி ஊரறிந்தது. நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனவர்களுக்கு ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று தெரியும். ஆலையில் அரைத்து மூட்டை கட்டிய அரிசியிலும் 12 முதல் 14 விழுக்காடு வரை ஈரம் இருக்கிறது. தானே ஈரம் வைத்திருக்கும் அரிசி இன்னொன்றை எவ்வளவு உலர்த்தும்? அதன் மாவுத்தூள் மைக்கின் துளையை அடைப்பதுதான் மிச்சம்.

இதற்கு ஏற்றது சிலிக்கா ஜெல். ஒரு கிராம் மணிக்குள் இருக்கும் நுண்துளைச் சுவர்களை விரித்துப் போட்டால் ஏறக்குறைய எழுநூறு சதுர மீட்டர் இருக்கும். அத்தனை பரப்பிலும் நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை அது பிடித்து வைக்கும். இறுக மூடும் டப்பா ஒன்றில் ஒரு கைப்பிடி மணிகளைப் போட்டு, மேலே மெல்லிய துணி விரித்து, இரவில் கருவியைத் துடைத்து உள்ளே வைத்தால் போதும். பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். முன்னே சொன்னதுபோல வறண்ட காற்றில் அது உலர்ந்துபோகும். சார்ஜ் ஏற்றும் வகையாக இருந்தால் பிரிக்க முயல வேண்டாம், அணைத்துவிட்டு வைக்கலாம். ஆரஞ்சு மணிகள் பச்சையாக மாறினால் ஈரம் நிரம்பிவிட்டது; சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு தனிப் பாத்திரத்தில், சிறு தீயில் சூடாக்கினால் பழைய நிறம் திரும்பும். நீல மணிகளில் இருப்பது கோபால்ட் சேர்மம், நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் ஆரஞ்சையே கேட்டு வாங்குங்கள்.

நடக்கும்போது செய்ய வேண்டியது அதிகமில்லை. நெற்றியைச் சுற்றி மெல்லிய பருத்தித் துண்டைக் கட்டினால் தலை வியர்வை காதுக்கு இறங்காது. துண்டு மைக்கை மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதையில் இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு இடத்தில் எப்படியும் நிற்போம். ஒவ்வொரு இடத்திலும் கருவியைக் கழற்றி, காதின் பின்புறத்தையும் கருவியையும் உலர்ந்த கைக்குட்டையால் ஒற்றிவிடலாம். விபூதி பூசிய கையால் தொடாதீர்கள், தூள் மைக்கில் இறங்கும். மழை வலுத்தால் மட்டும் கழற்றி, ஜிப் வைத்த சிறு பையில் போட்டுக்கொள்ளலாம்.

தப்பித் தண்ணீரில் விழுந்துவிட்டால் உடனே வெளியே எடுத்து, வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்காமல் அணைத்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டு, மூடியைத் திறந்தபடி ஒன்றிரண்டு நாள் சிலிக்கா ஜெல்லில் வைக்க வேண்டும். வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம். சூட்டில், ஒலியைக் காதுக்கு அனுப்பும் ரிசீவரின் நுண்ணிய பாகங்களும் பிளாஸ்டிக்கும் கோணிவிடும். பிறகும் பேசாவிட்டால் ஆடியாலஜிஸ்ட்டிடம் கொண்டுபோங்கள்.

காது கேளாமை சிறிய பிரச்சினை அன்று. உலக அளவில் 43 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சையோ கருவியோ தேவைப்படும் அளவுக்குக் கேட்புக் குறை இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கை சொல்கிறது. நம் நாட்டில், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்க மத்திய அரசு 1981 முதல் நடத்தும் அடிப் திட்டத்தில், வருமானம் குறைந்தவர்களுக்குக் கருவி இலவசமாகவே கிடைக்கிறது. 1972இல் தொடங்கிய கான்பூர் அலிம்கோ நிறுவனம் அதற்கான கருவிகளைத் தயாரிக்கிறது. கருவி கிடைப்பவர் பெரும்பாலும் வயலிலோ சூளையிலோ வேர்க்க விறுவிறுக்க உழைப்பவர். அவர் கருவிதான் முதலில் அரிக்கும். முகாமில் கருவியைக் கையில் கொடுக்கும்போதே ஒரு டப்பாவும் ஒரு பிடி ஆரஞ்சு மணிகளும் கொடுத்து, இரவில் எப்படி வைப்பது என்று பத்து நிமிடம் காட்டித் தர வேண்டும். கருவியின் விலைக்கு முன்னால் அது ஒரு செலவே இல்லை. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் காதொலிக் கருவி கேட்டு மனு எழுதுகிறவர்கள், உலர்த்தும் டப்பாவையும் சேர்த்தே எழுதுங்கள்.