மழைக்கு அஞ்சும் மனம்

மழை இறைவனின் அருள். ஆயினும் 2015 டிசம்பர் 1ஆம் நாள் காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கிய பின்னர், அந்த அருளின் ஓசையே சிலருக்கு அச்சமூட்டுவதாயிற்று. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த மேடவாக்கத்தில் வாழும் நாம், வானம் கறுத்ததும் உறக்கமிழப்போரைக் கண்டிருக்கிறோம். அவர்களை ‘ஈமான் குறைந்தவர்’ எனப் பழிப்போரையும் கண்டிருக்கிறோம். இப்பழிப்பு சரிதானா?

வெள்ள எச்சரிக்கை கேட்டு வெளியேறுவது விவேகம். சிறு தூறலுக்கே நெஞ்சு படபடத்து, அன்றாடக் கடமைகள் தடைப்படுமாயின் அது நோய். மருத்துவர் அதனை ‘ஃபோபியா’ என்பர். பேரிடரின்போது மழையொலியையும் ஆபத்தையும் மூளை ஒன்றாக இணைத்துவிடுகிறது. பின்னர் அவ்வொலி கேட்டதும் மனிதர் விலகி ஓடுகிறார். உடனே ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலே அச்சத்திற்கு உணவாகிறது. ஏனெனில், ஓடாமல் நின்றிருந்தாலும் தீங்கு நேர்ந்திராது என்பதை அறியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டுவதேயில்லை.

ஆகவே, அணுகுதலே மருந்து. ஹிஜ்ரி 322இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலில் இதனை விளக்கியுள்ளார். அஞ்சும் பொருளைக் கண்ணும் காதும் மீண்டும் மீண்டும் எதிர்கொண்டு பழக வேண்டும் என்பது அவர் கருத்து. துணிவைப் பெற விரும்பிய ஒருவர் குளிர்காலத்தில், அலைகள் கொந்தளிக்கும் வேளையில் கடற்பயணம் மேற்கொண்ட செய்தியை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘இஹ்யா’வில் குறிப்பிடுகிறார்கள்.

இன்றைய மருத்துவம் அத்தகைய பெரும் பாய்ச்சலை எல்லோருக்கும் விதிப்பதில்லை. படிப்படியாகவே அழைத்துச் செல்கிறது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய சிறுவன் உணவு உண்ணும் வேளையில் முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து அவனது அச்சத்தைப் போக்கினார். 1958இல் ஜோசப் வோல்ப் இத்தகைய முறைக்கு ஒழுங்கான வடிவம் தந்தார்.

மழைக்கு அஞ்சுபவர் முதலில் பதிவு செய்த மழையொலியைக் கேட்கலாம். அடுத்துத் தூறலின்போது சன்னலருகே அமரலாம். பின்னர்க் குடையுடன் தெருவில் நடக்கலாம். ஒவ்வொரு படியிலும் படபடப்பு தானாகத் தணியும்வரை நிற்றல் வேண்டும். இடையில் ஓடினால் அச்சமே வலுப்பெறும். வற்புறுத்தித் தள்ளுதலும் கூடாது. கடுமையான நிலையில் மனநல மருத்துவரின் துணை அவசியம். பழைய நினைவு அழிந்துவிடுவதில்லை. அதன் அருகே ‘இது ஆபத்தன்று’ என்னும் புதிய பாடம் பதிகிறது. எனவே அச்சம் மீண்டும் தலைகாட்டினால் சோர்ந்துவிடாமல் பயிற்சியைத் தொடர வேண்டும்.

நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி. அது தவக்குலுக்கு முரணானதன்று. அஞ்சி நடுங்குபவருக்கு நாம் தர வேண்டியது ஏச்சன்று; முதற்படியில் அவருடன் நின்று பற்றிக்கொள்ளும் ஒரு கரம்.